சீட்டு

வெள்ளி இரவு ஜெபக்கூட்டம் முடிய
ஒரு பிஸ்கட் டின் சுற்றி வரும்.
உள்ளே எங்கள் பெயர்கள், நாலாய் மடித்தபடி.
ஆளுக்கொரு சீட்டு.
எடுத்தவருக்காக ஏழு நாள் மன்றாட வேண்டும்.
மாற்றி எடுக்க ஏலாது, போதகர் அதில் வலு கண்டிப்பு.

எனக்கு விழுந்தது மெற்றில்டா.

என்னிடமும் இன்னும் பதினொரு பேரிடமும்
மாதம் ஐயாயிரம் சீட்டுப் பிடித்து
ஒன்பதாம் மாதம் கையை விரித்தவள்.
அதற்குப் பிறகும் அதே மூன்றாம் வாங்கில்
அதே காற்றாடிக்குக் கீழே
ஒன்றும் நடவாததுபோல் வந்து இருப்பவள்.
பெயருக்குக் கீழே பென்சிலில் இரண்டு சொல்:
நித்திரை வருகுதில்லை.

வராதுதான், என்றது என் மனம்.
நாற்பத்தையாயிரம் ரூபாயோடு
என் நித்திரையும் அல்லவோ போனது.

சனி, குசினிக்குள் முழங்காலில் நின்று
"ஆண்டவரே, மெற்றில்டா" என்றேன்.
அதற்குமேல் வாய் வரவில்லை.
எழும்பிச் சூடை மீனைக் கழுவினேன்.

ஞாயிறு முழுக்கக் கணக்குச் சொன்னேன் அவருக்கு,
தவணை தவணையாக, திகதி பிசகாமல்.
ஜெபமில்லை அது, முறைப்பாடு.
என்றாலும் இடையில் மறிக்கவில்லை அவர்.
திங்கள் பேரம்:
அவளுக்கு நித்திரை குடும்,
ஆனால் எனக்குத் தந்த பிறகு.

புதன், பஸ் நிலையத்தில் காசு எடுக்கையில்
பையிலிருந்து துண்டு விழுந்தது.
குனியுமுன்னே ஒரு புள்ளிமான்,
கச்சான் கோதும் பழத்தோலும் தின்று
ஊருக்குள்ளேயே வளர்ந்த மான்,
மெற்றில்டாவை வாயில் போட்டு மென்றது.
ஆறுதலாக,
என்னைப் பார்த்துக்கொண்டே.

அன்றிரவு கடதாசி இல்லை கையில்.
கச்சான் காற்றுச் சுட்டு வீசியது.
தகரக் கூரை ஆறவேயில்லை.
புரண்டு படுத்தபோதுதான் உறைத்தது:
காசை யாருக்குக் கொடுத்தாள், எதற்குக் கொடுத்தாள்,
நான் கேட்டதேயில்லை.
எப்ப தருவாய் என்று மட்டுந்தான்
இத்தனை மாதமும் கேட்டிருக்கிறேன்.

உவர்மலைச் சரிவில் அவள்,
உட்துறைமுக வீதியில் நான்,
கண் திறந்தபடி இரண்டு பெண்கள்.
ஏதோ கப்பலின் வெளிச்சம்
என் சுவரைத் தடவிப் போனது.
அடுத்ததாய் அவள் சுவரைத் தடவும் என்று நினைத்தேன்.
படுத்தபடியே சொன்னேன்:
அவள் கண் மூடட்டும்.
எனக்குப் பிறகு என்று சொல்ல மறந்துபோனேன்.

என் பெயரை எடுத்தது பொன்சியான்,
ஓட்டோ ஓடுகிற பெடியன்.
இரகசியமாய் வைத்திருக்கத் தெரியாமல்
மருந்துக்கடை வாசலுக்கே வந்துவிட்டான்.
"அக்கா, உங்கட துண்டில பேர் மட்டுந்தான் கிடக்கு.
நான் என்னத்தைக் கேக்கிறது?"
"தெரியாது தம்பி. பாத்துக் கேளும்."
தலையைச் சொறிந்தான்.
"அப்ப பொதுவாக் கேக்கிறன்."
ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.
பொதுவாக என்ன கேட்டானோ,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறு வெள்ளி, யோபுவின் ஆகமம் வாசிக்கையில்
மெற்றில்டா சுவரில் தலை சாய்த்திருந்தாள்.
வாய் இலேசாய்த் திறந்து,
கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி,
சின்னதாய் ஒரு குறட்டை.
பக்கத்திலிருந்த தெய்வமலர் அக்கா
முழங்கையால் இடிக்கப் போனா.

"தட்டாதேங்கோ!"
என் குரல்தான், தேவைக்கு மிஞ்சிய சத்தத்தில்.
போதகர் நிமிர்ந்து பார்த்தார்.
யோபு அரைவசனத்தில் நின்றான்.

காசு வரவில்லை. வருமோ, சொல்லத் தெரியாது.
வந்தால் எண்ணித்தான் வாங்குவேன்.
ஆனால் ஏறி இறங்கும் அந்த மூச்சு
என் குசினி நிலத்தில்
முழங்கால் நோக நான் கேட்டது.
அதில் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது.

டின் அவள் மடியருகே வந்தபோது
எட்டி, அவளுக்கும் ஒரு சீட்டெடுத்தேன்.
பிரிக்காமல் அவள் வேதப்புத்தகத்துக்குள் செருகினேன்.

என் பெயராயும் இருக்கலாம்.
விழிக்கட்டும், பார்ப்பாள்.